கைப்பிடிச்சுவரும் பழைய சேலையும்

தியானப் பகுதிகள்: உபாகமம் 22:8, யாத்திராகமம் 2:1–4

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



இந்த வாரத் தியானம் வழக்கத்திற்குச் சற்று மாறானது. தவழுகிற, எழுந்து நிற்கத் தடுமாறுகிற நம் வீட்டுப் பிள்ளைகளையும், அவர்கள் ஓடியாடி விளையாடும்போது அடிபடாதபடி நம் கைகளாலேயே செய்துவைக்கக்கூடிய சிறு ஏற்பாடுகளையும் குறித்து எழுதப்போகிறேன். போதகர் ஏன் ஜமக்காளத்தையும் மேசை மூலையையும் பற்றிப் பேசவேண்டும் என்று சிலர் எண்ணலாம். வீட்டு மாடியின் சுவரைப் பற்றி மோசே பேசியிருக்கிறாரே என்பதே என் பதில்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு சபையிலுள்ள ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பத்து மாதக் குழந்தை கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்க முயன்று, கை வழுக்கி, அருகிலிருந்த டீப்பாயின் மூலையில் நெற்றியை இடித்துக்கொண்டது. மருத்துவர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆயினும் அந்த வீடு துக்க வீடுபோல் இருந்தது. வந்திருந்த உறவினர் ஒருவர், தேவதூதர்கள் நம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்னும் சங்கீத வாக்குத்தத்தத்தை நினைவூட்டி, இனி எதற்கும் கவலைப்படவேண்டாம் என்றார். இன்னொருவர், தாய் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்றார். அந்தத் தாயின் காதில் விழும்படியாகவே சொன்னார். பாட்டியோ அன்றுமுதல் குழந்தையைத் தரையில் விடுவதே இல்லை. இடுப்பிலிருந்து இறக்கினால் வாக்கரில் உட்காரவைத்துவிடுகிறார். இவ்வளவும் நடந்தபின்பும் அந்த டீப்பாய் மட்டும் அதே இடத்தில், அதே மூலையோடு நின்றுகொண்டிருந்தது.

நான் ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். ஜெபித்ததில் தவறில்லை. டீப்பாயை நகர்த்திவைத்துவிட்டு ஜெபித்திருக்கலாம்.

அந்த உறவினர் நல்ல மனதோடுதான் ஆறுதல் சொன்னார். ஆனால் அந்தச் சங்கீத வாக்கை நற்செய்தி நூல்களில் யார் எடுத்துப் பேசுகிறான் என்று எண்ணிப்பாருங்கள். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரை நிறுத்திவைத்துக்கொண்டு சோதனைக்காரன்தான் அதைச் சொல்லுகிறான். தாழக் குதியும், தூதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவனுடைய வியாக்கியானம். வாக்குத்தத்தம் பொய்யல்ல, அதைப் பயன்படுத்திய விதம் பொய். பிதாவின் பராமரிப்பை முற்றும் நம்பின இயேசு, அந்தப் பராமரிப்பைப் பரீட்சை பார்க்க மறுத்தார். கூர்மையான மூலையை அப்படியே விட்டுவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லுவது விசுவாசமாகாது. நம் வேலையைத் தேவதூதர்களின் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் சூட்டுகிறோம். சற்றுக் கடுமையாகச் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உபாகமத்திற்கு வருவோம். புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே அந்தக் கட்டளையின் பொருள். இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்த நாட்களில் இந்த வசனம் என்னைக் கவர்ந்தது வேறொரு காரணத்துக்காக. கைப்பிடிச்சுவர் என்பதற்கு அங்கே வருகிற ‘மாக்கே’ என்ற சொல் பழைய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அரிய சொல் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு குழந்தையின் நெற்றி இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்காலத்து இஸ்ரவேலரின் வீடுகள் தட்டையான மேல்தளம் உடையவை. அந்த மேல்தளம் வீட்டின் ஓர் அறையைப்போலவே புழங்கியது. ராகாப் அங்கேதான் சணல் தட்டைகளைப் பரப்பி உலரவைத்திருந்தாள். சாமுவேல் சவுலோடு அங்கே உட்கார்ந்து பேசினான். பேதுரு ஜெபிக்க ஏறிப்போனதும் யோப்பாவில் ஒரு மேல்வீட்டின்மேல்தான். ஆகையால், மேலே ஏறாதிருங்கள் என்று நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. அங்கே உலாவட்டும், தானியம் உலர்த்தட்டும், பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் ஓரத்தில் ஒரு சுவர் இருக்கட்டும் என்கிறது. மனிதர் நடமாடவேண்டும் என்பதற்காகவே சுவர். நம் வீடுகளில் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். சுவரைக் கட்டுவதற்குப் பதிலாகப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழி யார்மேல் வருகிறது? விழுந்தவன்மேல் அல்ல. அவனைக் கவனியாமல் விட்டவள் என்று ஒரு பெண்ணின்மேலும் அல்ல. வீட்டின்மேல் வருகிறது. வீடு என்றால் அதில் குடியிருக்கிற அனைவரும்தான். தகப்பனும், தாத்தாவும், ஞாயிறு மாலையில் மட்டும் வந்து குழந்தையை மேலே தூக்கிப் போட்டு விளையாடிவிட்டுப் போகிற மாமாவும் அதில் அடக்கம்.

இதை எழுதும்போது ஓர் அறிக்கை செய்யவேண்டியவனாயிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னுள் கிடக்கிற காரியம் இது. என் மூத்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு மாலையில் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தூக்கி, இராட்டினம்போல் சுற்றினேன். அவள் சிரித்தாள், மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சுற்றினேன். திடீரென்று அலறினாள். இறக்கிவிட்டபோது இடது கை துவண்டு தொங்கியது. அதை அசைக்கவே மறுத்தாள். மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த மருத்துவர் முழங்கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். சில நிமிடங்களில் அவள் அதே கையை நீட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டாள். சிறு பிள்ளைகளின் முழங்கையில் எலும்பைச் சுற்றியுள்ள தசைநார் இன்னும் உறுதிப்பட்டிருக்காது, கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் எலும்பு சற்று விலகிவிடும், நான்கு வயதுவரை இப்படி நேருவது சாதாரணம், தூக்குவதானால் அக்குளுக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்து மார்பைத் தாங்கித் தூக்குங்கள் என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை அறிக்கை என்று சொல்லமாட்டேன். மறுநாள் செய்தி கேட்டு என் தாயார் ஊரிலிருந்து வந்தார்கள். வந்ததும் என் மனைவியைப் பார்த்து, ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டார்கள். சபையிலிருந்து பார்க்க வந்த பெண்களும் அதையே வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் பேசாதிருந்ததற்கும் அவள் பேசாதிருந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கபீடத்தில் ஏறி எதைக் குறித்துப் பேசினேன் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அவளுடைய முகம் நினைவிருக்கிறது.

சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி வந்தபோது, ஐந்து வயது மேவிபோசேத்தை அவனுடைய தாதி தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் பிள்ளை விழுந்து முடமானான். 2 சாமுவேல் 4ஆம் அதிகாரம் இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. அந்தத் தாதிக்கு அங்கே பெயர் இல்லை. அவள்மேல் குற்றச்சாட்டும் இல்லை. வேதம் சொல்லாத குற்றத்தை நம் வீட்டுப் பெண்கள்மேல் சொல்ல நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அன்று அந்த வீட்டில் கைப்பேசியைப் பற்றிப் பேசியவரிடம் நான் இதைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கும் தகுதியை நான் என்றோ இழந்துவிட்டேன் என்ற எண்ணமே என் வாயை அடைத்தது.

சரி, கைப்பிடிச்சுவரை எப்படிக் கட்டுவது? கடையில் விலை கொடுத்து வாங்கவேண்டியது அதிகமில்லை. முதலில் குழந்தையின் மட்டத்திற்கு இறங்குங்கள். உண்மையாகவே முழங்காலில் நின்று, கைகளை ஊன்றி, உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை தவழ்ந்து சுற்றிவாருங்கள். ஜெபத்திற்காக மடங்கிப் பழகிய முழங்கால்கள்தானே. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது டீப்பாயின் மூலை கண்ணுக்கு நேரே நிற்கும். மேசையிலிருந்து தொங்கும் விரிப்பு, பிடித்து இழு என்று அழைக்கும். அதன்மேல் சூடான தேநீர் இருக்கும். சோபாவுக்கு அடியில் சட்டைப் பொத்தானும் ஒரு ரூபாய் நாணயமும் கிடக்கும். குளியலறைக் கதவு திறந்திருந்தால் பாதி நிறைந்த வாளி தெரியும். தலைகீழாகக் கவிழ்ந்த குழந்தை நிமிரத் தெரியாமல் மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். ஆகையால் குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவைப்பதை இன்றே வழக்கமாக்குங்கள்.

அடுத்தது தரை. நம் பாட்டிமார் பழைய நூல் சேலைகளை அடுக்கி, ஓரம் தைத்து, குழந்தைக்கு விரிப்பாக்கினார்கள். அதைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் காணவில்லை. நான்கைந்து சேலைகளை மடித்து அடுக்கினால் தரையின் கடினம் மட்டுப்படும். அதே சமயம் பஞ்சு மெத்தையைப்போல் அமிழ்ந்துபோகாது. குழந்தை புரளுவதற்கும் தவழுவதற்கும் தரை எதிர்த்து நிற்கவேண்டும். கை அமிழ்ந்துபோகிற மெத்தையில் தவழக் கற்பது சேற்றில் நடக்கக் கற்பதைப் போன்றது. விரிப்பின் நடுவிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சில தையல்கள் ஓடட்டும். இல்லையேல் அடுக்குகள் விலகிச் சுருண்டு, காலைத் தட்டிவிடும். நம் புதிய வீடுகளின் டைல்ஸ் தரையில் விரிப்பு வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதை மறக்காதீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் எல்லா வீட்டிலும் ஒரு ரப்பர் ஷீட் மிஞ்சிக் கிடக்குமே, அதை அடியில் விரித்தால் அசையாது. ஜமக்காளம் இருந்தால் அதையும் நான்காக மடித்துப் போடலாம்.

மேசை, டீப்பாய் மூலைகளுக்குத் தேய்ந்துபோன ரப்பர் செருப்புகளைச் சொல்லுவேன். கழுவி உலர்த்தி, மூலைக்கு ஏற்ப வெட்டி, ஒரு துணிப்பைக்குள் வைத்துத் தைத்து, மேசைக்காலோடு சேர்த்து இறுகக் கட்டிவிடுங்கள். ரப்பர் துண்டை வெறுமனே ஒட்டிவைத்தால் குழந்தை அதைப் பிய்த்து வாயில் போடும், அதனால்தான் துணிப்பை. கட்டுகிற நாடாவின் நுனி தொங்கக்கூடாது. தொங்குகிற எதுவும் ஒருநாள் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். மூலையைப் பொதிவதைக் காட்டிலும் டீப்பாயையே சில மாதங்களுக்கு வேறு அறையில் போட்டுவிடுவது நல்லது என்று என் மனைவி சொல்லுகிறாள். அவள் சொல்லுவதே சரி.

படிக்கட்டின் குறுக்கே சேலையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை அதற்குக் கீழே நுழைந்து போய்விடும். பழைய பெஞ்சை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னால் பாரமான ஒன்றை முட்டுக் கொடுத்தால் தவழும் பிள்ளையைத் தடுக்கும். எழுந்து ஏறத் தொடங்கிய பிள்ளைக்கு அதுவும் போதாது. பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு மேற்பகுதியை முழங்காலில் மாட்டினால், சிமெண்டுத் தரையிலும் முற்றத்திலும் தவழும்போது தோல் உராயாது. வழுவழுப்பான தரையில் அது வேண்டாம், வழுக்கும். தோலில் அழுந்தின தடம் விழுந்தாலும் கழற்றிவிடவேண்டும். நிற்கப் பழகும் பிள்ளையின் பாதங்களோ வெறுங்காலாகவே இருக்கட்டும். தரையைப் பற்றிக்கொள்ளக் கர்த்தர் பத்து விரல்களைக் கொடுத்திருக்கிறார்.

உட்காரப் பழகும் ஆறேழு மாதக் குழந்தையின் பின்னாலும் இரு பக்கமும் போர்வையைச் சுருட்டி வளைத்துவைப்பது நம் பழைய வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் ஒரு எச்சரிக்கை. விளையாடும்போது அணைகாக்கிற அந்தத் தலையணையும் போர்வையும், தூங்கும்போது மூச்சை அடைக்கும் சத்துருவாகிவிடும். குழந்தை கண் அயர்ந்தால் அவற்றையெல்லாம் அப்புறப்படுத்தி, உறுதியான சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

ஆண்கள் பொதுவாக இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று அறிவேன். நிறுத்தாதீர்கள், இனி உங்களுக்கே எழுதுகிறேன். குழந்தையோடு கரடுமுரடாக விளையாடுவது பெரும்பாலும் நாம்தான். விளையாடுங்கள், விட்டுவிடாதீர்கள். எருசலேமின் வருங்கால ஆசீர்வாதத்தைச் சகரியா தீர்க்கதரிசி தரிசித்தபோது, வீதிகள் நிறைய ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடுவதையே கண்டான். எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினதாக ஓசியாவின் வாயினால் கர்த்தர் தம்மைக் குறித்தே சொல்லுகிறார். ஆனால் குழந்தையின் தலை அதன் உடலோடு ஒப்பிட்டால் பெரிது, பாரமானது, கழுத்தோ வலுவற்றது. ஆகையால் அந்தரத்தில் எறிந்து பிடிக்கவேண்டாம். விளையாட்டுக்கானாலும் கோபத்திலானாலும் பிடித்துக் குலுக்கவே வேண்டாம். குலுக்குவதால் மூளை சேதப்பட்டு உயிரே போகலாம். அழுகை அடங்காமல் உங்களுக்கு ஆத்திரம் வந்தால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சற்று நில்லுங்கள்.

அதற்குப் பதிலாக அந்தச் சேலை விரிப்பில் நீங்களே மல்லாந்து படுங்கள். கால்களை மடக்கி, முழங்காலுக்குக் கீழே உங்கள் கணைக்கால்கள்மேல் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு மெல்ல ஏற்றி இறக்குங்கள். தலை நன்றாக நின்ற பிள்ளைகளுக்கு இது பறப்பதற்குச் சமம். கோரைப்பாயை இறுகச் சுருட்டி, மேலே சேலை சுற்றி, அதன்மேல் குழந்தையின் வயிறு படும்படி வைத்து முன்னும் பின்னும் உருட்டலாம். யானைபோல் நான்கு காலில் நின்று, மனைவி பிடித்துக்கொள்ள, முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம். உயரம் குறைவு, விழுந்தாலும் விரிப்பின்மேல்தான். சிரிப்பு மட்டும் குறையாது. எதிலும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். என் மகளின் துவண்ட கையை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் பிள்ளைகள் விழுவார்கள். தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கினாலோ, அழுகை நிற்காதிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லுங்கள். எனக்குத் தொலைபேசியில் அழைத்து ஜெபிக்கச் சொல்லுவதை வழியில் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் எழுதுகையில் மோசேயின் தாய் யோகெபேத் என் கண்முன் நிற்கிறாள். வீட்டிலே செய்த பாதுகாப்புச் சாதனம் என்றால் அவளுடைய நாணற்பெட்டிதான். மூன்று மாதப் பிள்ளையை அதற்குமேல் ஒளித்துவைக்கக்கூடாமற்போனபோது, ஆற்றோரத்தில் கிடைத்த நாணலை எடுத்தாள். தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். அந்தப் பெட்டிக்கு எபிரெயத்தில் வருகிற ‘தேபா’ என்ற சொல், நோவாவின் பேழைக்கும் இதற்கும் மட்டுமே வேதத்தில் வழங்கப்படுகிறது. உலகைக் காத்த பேழைக்கு அளவுகளைக் கர்த்தர் முழக்கணக்கில் கொடுத்தார். இவளுக்கு யாரும் அளவு கொடுக்கவில்லை. பிள்ளையின் நீளமே அளவு. விசுவாசத்தினாலே பெற்றோர் அவனை ஒளித்துவைத்தார்கள் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்லும்போது, அந்த விசுவாசத்தின் கைகளில் கீல் கறை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியைச் செய்ததோடு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. அவனுடைய தமக்கை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பும், மூலைப்பொதியும், காலுறையும் பெட்டி மட்டுமே. அருகில் ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். கைநீட்டினால் எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் இவற்றில் எதையும் பயன்படுத்தாதீர்கள். கைப்பேசி தாயின் கையில் மட்டுமா இருக்கிறது?

கடைசியாக, வாக்கரைப் பற்றி. பாட்டியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தரையைவிட வாக்கர் பத்திரமானதன்று. சக்கரம் வைத்த அந்த வட்டத்துக்குள் தொங்கும் குழந்தை, நம்மால் எழுந்து எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் படிக்கட்டையும் அடுப்பையும் சென்றடைந்துவிடும். கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. நடக்கவும் அது கற்றுத்தருவதில்லை. தன் பாரத்தைத் தானே தாங்கும் பழக்கம் அதில் வராது. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை. அதில் பிள்ளை தன் காலில் நின்று, தானே தள்ளி, தானே நடக்கவேண்டும். அதையும் படிக்கட்டு இல்லாத சமதரையில், ஒருவர் கூடவே நடக்க, நிற்கப் பழகின பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள்.

குழந்தையைத் தரையில் விடாதிருப்பதும் ஒரு கேடுதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தினமும் பலமுறை தரையில் விளையாடவேண்டும், தவழத் தொடங்காதவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுத்திருக்கவேண்டும், தொடர்ந்து ஒரு மணி நேரத்திற்குமேல் எதிலும் கட்டுண்டு இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. இது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை எண்ணிப்பாருங்கள். இயேசுபிரான்மீதும் நம்மவர் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். அதன் முதற்பருவம் காப்பு. அடுத்த பருவமே செங்கீரை, ஐந்து மாதப் பிள்ளை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிற பருவம். காப்போடு நின்றுவிட்டால் மீதமுள்ள ஒன்பது பருவங்களையும் யார் பாடுவது?

கடந்த செவ்வாயன்று அந்த வீட்டிற்கு மறுபடியும் போனேன். டீப்பாயை நானும் குழந்தையின் தகப்பனுமாகத் தூக்கி உள்ளறையில் போட்டோம். பாட்டி முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து, தம்முடைய பழைய சுங்குடிச் சேலைகள் நான்கை எடுத்துவந்து என் மனைவியின் கையில் கொடுத்தார். இருவரும் உட்கார்ந்து மடித்தார்கள். தைத்து முடிக்குமுன்னரே குழந்தை அதன்மேல் ஏறிவிட்டது. என் தாயார் இப்போது உயிரோடில்லை; ஆனால் அன்றிரவு என் பிள்ளைகள் இருவரையும் தொலைபேசியில் அழைத்து, அந்த முழங்கை எப்படி விலகியது என்பதைச் சொல்லிவிட்டேன். மூத்தவள் சிரித்தாள், அவளுக்கு அது ஞாபகமே இல்லையாம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைப்போலவே ஒன்றும் பேசவில்லை.

நம் ஆலயத்திலும் பீடத்துக்கு ஏறும் மூன்று படிகளுக்கும் பக்கவாட்டில் தடுப்பு இல்லை. ஆராதனை முடிந்ததும் சிறு பிள்ளைகள் அங்கேதான் ஏறி விளையாடுகிறார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதற்பொருளாக வைத்திருக்கிறேன். மேலும், இவ்வாண்டு முதல் ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் சபையின் சார்பில் ஒரு சேலை விரிப்பு தைத்துக் கொடுக்கலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆலய வளாகத்தில் தையல் தொடங்கும். துவைத்து வெயிலில் காயவைத்த நூல் சேலைகளைக் கொண்டுவாருங்கள். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டிவிடுங்கள், பிள்ளையின் தோலைக் கீறும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த ஆண்களும் வரலாம். தெரியாதவர்களுக்கு நான் கற்றுத்தருகிறேன், நானே இப்போதுதான் கற்றேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்